யாருக்காக வரைந்த ஈ

நடத்தை அறிவியலை அறிமுகப்படுத்தும் நூல்களில் ஓர் ஈ தவறாமல் வந்து உட்காரும். நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தில், ஆண்கள் நின்றபடி சிறுநீர் கழிக்கும் பீங்கான் கோப்பைக்குள் வரைந்துவைத்த ஈ அது. கண்ணில் பட்டதும் ஆண்கள் அதைக் குறிபார்க்கிறார்கள். தரையில் சிந்துவது குறைகிறது. எச்சரிக்கைப் பலகை இல்லை, அபராதம் இல்லை, பெரிய செலவும் இல்லை. ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் எழுதிய 'நட்ஜ்' என்னும் நூல் இந்த ஈயை உலகமெங்கும் பறக்கவிட்டது. சிந்துவது 80 சதவீதம் குறைந்ததாக அந்நூல் சொல்கிறது. தேலருக்கு 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே 2017இல், அந்த விமான நிலையத்துக்கு அடுத்திருக்கும் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சின்ன வழக்கு தீர்ப்புக்கு வந்தது. 2015இல் ஓரிரவு தெருவோரம் சிறுநீர் கழித்ததற்காக ஓர் இளம்பெண்ணுக்கு அபராதம் விதித்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் பெண்களுக்கான கழிப்பறை இல்லை என்று அவர் வாதிட்டார். ஆண்களுக்கான கழிப்பிடத்தைப் பயன்படுத்தியிருக்கலாம், அது இனிமையாக இராதுதான், ஆனால் முடியாத காரியமில்லை என்ற பொருளில் நீதிபதி பேசினார். அபராதம் நிலைத்தது. அப்போது அந்நகரில் ஆண்களுக்குத் தெருவோரச் சிறுநீர்க் கழிப்பிடங்கள் 35 இருந்தன. பெண்கள் போகத்தக்க பொதுக் கழிப்பறைகள் 3. நீதிபதி சொன்னது எப்படி முடியும் என்று செய்துகாட்ட முயன்று, பெண்கள் படமெடுத்து வெளியிட்டுச் சிரித்தார்கள். நகர நிர்வாகம் கழிப்பறைகளுக்கென 40 லட்சம் யூரோ ஒதுக்க முன்வர 2024 ஆயிற்று.

முதல் கதையில் கழிப்பிடம் உள்ளவர்களுடைய குறி திருத்தப்படுகிறது. இரண்டாவதில் கழிப்பிடமே இல்லாதவள் தண்டிக்கப்படுகிறாள். நடத்தை அறிவியலைக் கொண்டு உள்ளாட்சிச் சேவைகளை மேம்படுத்தலாம் என்று எங்கும் பேசப்படும் காலத்தில், இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க விரும்புகிறேன். திருத்த வேண்டிய நடத்தை யாருடையது என்பதே என் கேள்வி.

*

'நட்ஜ்' என்றால் முழங்கையால் மெல்ல இடித்தல். தமிழில் தூண்டல், உந்துதல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு 'இடி' என்ற சொல்லே போதும். நெரிசலான பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்த எந்தப் பெண்ணுக்கும் முழங்கை இடி புதிதில்லை. நம் பத்திரிகைகள் அந்த ஆண்களுக்கு 'இடிமன்னர்கள்' என்று பட்டம் கட்டி நகைச்சுவைத் துணுக்குகள்கூட வெளியிட்டிருக்கின்றன. மெல்லத்தான் இடிப்பார்கள். இடித்தது யாரென்று தெரியாது. திரும்பிக் கேட்டால் கூட்டத்தைக் காட்டுவார்கள். அரசாங்கம் இடிக்கும்போதும் இந்த மூன்றையும் கவனிக்கும் பழக்கம் நமக்கு உண்டு.

எதையும் தடை செய்யாமல், காசும் கொடுக்காமல், ஒருவர் முடிவெடுக்கும் சூழலைக் கொஞ்சம் மாற்றி அவரை நல்ல வழிக்குத் திருப்புவது என்பதே இந்தக் கலையின் சுருக்கம். பிரிட்டன் 2010இல் இதற்கென்று அமைச்சரவை அலுவலகத்தில் டேவிட் ஹால்பர்ன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எதையும் எளிதாக்கு, ஈர்ப்பாக்கு, மற்றவர்கள் செய்வதைக் காட்டு, உரிய நேரத்தில் சொல் என்ற நான்கே அறிவுரைகளில் அந்தக் குழு தன் பாடத்தை அடக்கியது. வரி கட்டாதவருக்கு அனுப்பும் கடிதத்தில் பெரும்பாலோர் உரிய காலத்தில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்ததில் வசூல் கூடியது. உள்ளாட்சிகளும் இந்தப் பாணியை எடுத்துக்கொண்டன. புரியாத அரசாங்க மொழியை எறிந்துவிட்டு மனிதருக்கு மனிதர் எழுதுவதுபோல் கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. தமிழாசிரியர்கள் பல காலமாகக் கேட்டுவருவதும் அதுதான்.

ஆனால் அதே 2010இல்தான் பிரிட்டனின் சிக்கன ஆட்சியும் தொடங்கியது. 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மைய அரசு தந்த நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. நூலகங்கள் மூடப்பட்டன, குழந்தைகள் மையங்கள் மூடப்பட்டன, வன்முறைக்குத் தப்பிவரும் பெண்களுக்கான காப்பகங்கள் நிதியிழந்தன. பொதுக் கழிப்பறை நடத்துவது அங்கே உள்ளாட்சியின் சட்டக் கடமையாக இல்லை. ஆகவே அது வெட்டுவதற்கு வசதியான இடமாயிற்று. இவற்றை அதிகம் நம்பியிருந்தவர்கள் பெண்கள். இவற்றில் வேலை செய்தவர்களிலும் பெண்களே அதிகம். கடிதத்தின் நடை அழகானது. கடிதத்தோடு போய் நின்றால் விசாரிக்க வேண்டிய சன்னல் மூடியிருந்தது.

*

என் மாணவியருக்கு ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. அவரவர் ஊரில் ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் சுவரிலும் பலகையிலும் குப்பை வண்டியிலும் எழுதியிருப்பவற்றை ஒரு வாரம் படியெடுத்து வர வேண்டும். பிறகு வகுப்பில் வினைமுற்றுகளைப் பிரிக்க வேண்டும்.

ஏவல் எது, வியங்கோள் எது என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஏவல் எதிரே நிற்பவரைப் பார்த்துச் சொல்வது. முன்னிலைக்கு மட்டும் உரியது. வியங்கோள் ஒரு விருப்பத்தை, வேண்டுதலைக் காற்றில் சொல்வது. நன்னூல் அதை மூவிடத்துக்கும் பொது என்கிறது. பழைய பலகைகளில் ஏவல்தான் இருந்தது: கொட்டாதே, துப்பாதே, ஒட்டாதே. பிறகு மரியாதை விகுதி சேர்ந்தது. இப்போது பயிற்சி பெற்ற அலுவலர்கள் எழுதும் வாசகங்களில் வினைமுற்றே கரைந்துபோய், நம் தெரு, நம் பொறுப்பு, நம் பெருமை என்று பெயர்ச்சொற்கள் மட்டும் நிற்கின்றன. அதட்டல் போய் வேண்டுதல் வந்திருக்கிறது. இடியின் இலக்கணமும் இதுவே.

சேகரித்தவற்றைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது கடைசி வரிசை மாணவி ஒருத்தி சொன்னாள்: "வரி கேக்குறப்போ நீங்கன்னு எழுதுறாங்க, குப்பையைப் பத்திப் பேசுறப்போ நாமன்னு எழுதுறாங்க. நாங்கன்னு ஒரு இடத்துலகூட இல்லையேம்மா."

இதை ஆங்கிலத்தில் கவனித்திருக்கவே முடியாது. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் 'நாம்' கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்தி, சொல்பவர் மட்டும் பொறுப்பேற்கும். பேருந்து நிலையக் கழிப்பறை பூட்டிக் கிடந்தால் 'நாம்' என்பதில் யாரைப் போய்க் கேட்பது? இக்கழிப்பறையை இரவு பத்து மணி வரை திறந்து வைத்திருப்போம், பூட்டியிருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் வருவோம் என்று எழுதிய பலகை ஒன்றைக்கூட முப்பத்தைந்து மாணவியரால் கொண்டுவர முடியவில்லை.

வாசகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாலும் இதே கதை. மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காத குப்பைக்கு நீல வாளி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொல்லியிருந்தன. மாணவியர் படியெடுத்த படங்களில் இரண்டு வாளிகளையும் பிடித்துக்கொண்டு சிரிப்பவள் பெரும்பாலும் சேலை கட்டிய ஒரு பெண். வீட்டின் வேலைகளில் இன்னொன்று அவள் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. அந்த வாளியை வாங்கிக்கொள்ளும் கையும் பெரும்பாலும் பெண்ணின் கைதான். அந்தக் கைக்குரியவர்கள் சென்னையில் இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகையின் முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நம் நகரம் என்று எழுதிய பலகையில் அவர்களுக்கு 'நாம்' இருந்ததா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

*

மற்றவர்கள் செய்வதைக் காட்டு என்ற அறிவுரைக்கு வருகிறேன். பத்தில் ஒன்பது பேர் இப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் பத்தாமவரும் செய்வார் என்பது அதன் கணக்கு. பெண்களுக்கு இது பழைய பாடம். நமக்கு ஒன்பது பேர்கூடத் தேவைப்பட்டதில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதே போதுமானதாக இருந்தது. அகப்பாடல்களில் இதற்கு அம்பல், அலர் என்று இரண்டு படிநிலைகளே உண்டு. வாய்க்குள் முணுமுணுக்கும் பேச்சு அம்பல்; அது மலர்ந்து ஊர் முழுதும் பரவினால் அலர். அதன் பயன் இற்செறிப்பு: பெண் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஊரின் பேச்சு அவள் நடக்கும் வழியை மாற்றிவிடுகிறது. நடத்தையை மாற்றும் கருவியாக ஊரை எடுத்துக் கையாள விரும்புகிற எந்த அலுவலரும் முதலில் அகத்திணையைப் படிக்க வேண்டும்.

திறந்தவெளி மலங்கழிப்பை ஒழிக்கும் இயக்கங்களில் இந்தக் கருவி கூச்சமில்லாமல் பயன்பட்டது. கழிப்பறை இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்ற பிரச்சாரம் ஹரியானாவில் 2005இல் தொடங்கியது. திருமண வயதில் மகன் இருந்த வீடுகள் கழிப்பறை கட்டின. பெண்கள் குறைவாக இருந்த இடங்களில் அதன் விளைவு கூடுதலாக இருந்தது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹரியானாவில் 1000 ஆண்களுக்கு 861 பெண்கள்தான். பிறக்க விடாமல் செய்யப்பட்ட பெண்களின் எண்ணிக்கையே பிறந்த பெண்ணின் பேரம் பேசும் பலமாயிற்று. கழிப்பறை கிடைத்தது என்று மகிழலாம். எந்தக் கணக்கிலிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் கழிப்பறைக்கு 'இஜ்ஜத் கர்', அதாவது மான வீடு என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுக்கும் சிறுநீர்ப்பைக்கும் உரிய தேவை குடும்ப மானத்தின் காவலாக மாறியது. மானத்தைக் காக்க வீட்டுக்குள் கழிப்பறை என்றால், வெளியே போகிற பெண்ணுக்குத் தெருவில் எதற்கு?

2018-19ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை நடத்தை அறிவியலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. பெண்குழந்தைகளைக் காக்கும் திட்டத்துக்கு 'பத்லாவ்' என்று புதுப்பெயர் சூட்டலாம் என்றது. மாற்றம் என்று பொருள்படும் இந்தச் சொல்லின் எழுத்துகளை விரித்தால், மகள் உங்கள் தனலட்சுமி, விஜயலட்சுமி என்று வரும். ஒரு கவிஞராக நான் இந்த 'உங்கள்' என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். பேசப்படுவது அவளைப் பற்றி. பேசுவது அவளோடு இல்லை. செல்வமாகவும் வெற்றியாகவும் அவள் இன்னொருவருக்குச் சொந்தமாகிறாள். தெய்வமாக்கிச் சொன்னால் கேட்பார்கள் என்ற நடத்தை நுண்ணறிவு, தெய்வமாக இல்லாத பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பதைத் தொடவே இல்லை.

ஊரை ஏவிவிட்ட பிறகு அதை நிறுத்தும் கயிறு யார் கையிலும் இருப்பதில்லை. 2017 ஜூனில் ராஜஸ்தானின் பிரதாப்கர் நகரில், விடிகாலையில் ஒதுங்கிய பெண்களை நகராட்சி ஊழியர்கள் படமெடுத்தார்கள். தடுக்கப்போன ஒருவர் இறந்தார். ஊழியர்கள் அடித்துக் கொன்றதாகக் குடும்பம் சொன்னது. இதயம் நின்றதால் நேர்ந்த மரணம் என்று காவல்துறை சொன்னது. பெண்களைப் படமெடுக்கப் போனது ஏன் என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் தொலைந்தது. 2019 செப்டம்பரில் மத்தியப்பிரதேசத்தின் பாவ்கேடி கிராமத்தில், வெளியில் மலங்கழித்ததாகச் சொல்லி இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்த ஊராக அறிவிக்கப்பட்டிருந்த அந்த ஊரில், அக்குழந்தைகளின் வீட்டுக்குக் கழிப்பறை கிடைத்திருக்கவில்லை. சமூக நெறி என்று பாடநூல் எழுதும் இடத்தில் நம் ஊர்களில் சாதி உட்கார்ந்திருக்கிறது.

பாட்னா மாநகராட்சி 2006இல் வேறொரு வழி கண்டது. வரி பாக்கி வைத்த கடைகளின் முன் ஆடிப்பாட, திருநங்கையரைக் கழிவு அடிப்படையில் அமர்த்தியது. வசூலும் ஆனது; வேலை கிடைத்ததில் மகிழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த உத்தி எதை மூலதனமாகக் கொண்டது என்று பாருங்கள். அவர்கள் வாசலில் வந்து நிற்பதே அவமானம் என்று ஊர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை மாறிவிட்டால் வசூல் நின்றுபோகும். இழிவை ஒழிக்க வேண்டிய உள்ளாட்சி, இழிவு நீடிப்பதில் பங்குதாரர் ஆகிவிட்டது.

*

இவ்வளவு சொன்னதால் இந்த அறிவியலையே மறுக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். அதன் மிகச் சிறந்த ஆய்வுகளில் ஒன்று நம் மண்ணில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் கவனச் சோதனைகளில் பின்தங்கினார்கள். பணம் வந்ததும் மீண்டார்கள். ஏழைக்கு அறிவு குறைவு என்ற திமிரான பேச்சுக்கு இது நேரடியான பதில்: தட்டுப்பாடு மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இதை அந்த வீட்டுப் பெண்ணுக்கு நீட்டிப் பாருங்கள். தண்ணீர் எப்போது வரும், ரேஷன் எந்த நாள், பிள்ளைக்குச் சான்றிதழ், மாமியாருக்கு மாத்திரை, குழுக்கடன் தவணை என்று அவள் தலையில் ஏற்கெனவே இடமில்லை. நகராட்சி அலுவலகத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழ்த் திருத்தத்துக்கு மூன்று நாள் அலைய வைப்பது, கூலியையும் சேர்த்து அவளிடமிருந்து பிடுங்கும் வரி. 'நட்ஜ்' எழுதிய சன்ஸ்டீனே பின்னர் இந்தத் தேவையற்ற படிவங்களையும் காத்திருப்பையும் சேறு என்று அழைத்து ஒரு நூல் எழுதினார். ஆக, அறிவியல் சொல்வது தெளிவு: காலை வாருவது அலுவலகத்தின் சேறு. ஆனால் பயிற்சி வகுப்புகள் குடிமக்களின் நடத்தையைப் பேசுகிற அளவுக்கு அலுவலகத்தின் நடத்தையைப் பேசுவதில்லை.

என் வகுப்பில் தொலைவிலிருந்து வரும் மாணவியர் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. உடல்நலப் பலகைகள் அவர்களை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி இடிக்கின்றன. வழியில் இருக்கும் பேருந்து நிலையத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை. பெண்கள் கழிக்கக் காசு. அதுவும் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அறியாமையில்லை. இருக்கும் நிலைமைக்கு அவர்கள் கண்டுபிடித்த விடை. மும்பையில் 2011இல் தொடங்கிய சிறுநீர் கழிக்கும் உரிமைக்கான இயக்கத்தில் பெண்கள் இதைத்தான் செய்தார்கள்: மாநகராட்சியின் கழிப்பறைகளை நேரில் போய் எண்ணினார்கள், யாரிடம் காசு வாங்குகிறார்கள் என்று குறித்தார்கள், அந்தப் பட்டியலோடு அலுவலகத்துக்குப் போனார்கள். குடிமக்கள் உள்ளாட்சியின் நடத்தையை ஆராய்ந்த அறிவியல் அது.

திருச்சியின் குடிசைப் பகுதிகளில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராமாலயா அமைப்பின் துணையோடு பெண்கள் குழுக்கள் பொதுக் கழிப்பறைகளைத் தாங்களே ஏற்று நடத்தத் தொடங்கின. காசு வாங்கினார்கள், கணக்கு எழுதினார்கள், ஆள் போட்டுச் சுத்தமாக வைத்தார்கள், பெரியவர்களின் கழிப்பறையைக் கண்டு அஞ்சும் குழந்தைகளுக்கென்று சிறிதாகத் தனியே கட்டவைத்தார்கள். அந்தத் தெருப் பெண்களுக்கு மானத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, கதவு சாத்தியது, அவர்கள் வந்தார்கள். இதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மாநகராட்சி செய்ய வேண்டியதை ஏழைப் பெண்களின் உழைப்பு ஈடுகட்டுவதை முன்மாதிரி என்று கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர்களுடைய அறிவை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு நகராட்சி சம்பளம் தர வேண்டும்.

*

தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016இல் வந்தது. கணவன் கையெழுத்துக்குப் பின்னால் மறைக்கப்படுபவர்கள் உண்டு என்பது உண்மை. எதிர்த்து நின்று வேலை செய்பவர்களும் உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. இந்நூலைப் படிக்கும் மாணவியர் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாளோடு போகலாம் என்று சொல்வேன். தாளில் மூன்று செய்திகள் போதும்: ஊரில் பெண்கள் போகத்தக்க கழிப்பறைகள் எத்தனை, அவை எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன, யாரிடம் காசு வாங்குகிறார்கள். இவற்றை எண்ண அரை நாள் ஆகும்.

எண்ணிக்கையைப் படித்து முடித்ததும் தீர்மானத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கக் கேளுங்கள். நாம் தூய்மையாக இருப்போம் என்று எழுதித் தருவார்கள். அதை ஏற்க வேண்டாம். 'நாங்கள்' என்று தொடங்கி, என்ன செய்வோம், எந்தத் தேதிக்குள் செய்வோம் என்று முடியும் வாக்கியம் வரும் வரை உட்கார்ந்திருங்கள். அது தன்மைப் பன்மையில் இருக்கிறதா என்று பார்க்கத் தமிழ் படித்த நீங்கள் போதும்.